புல்லுக்குக் கழித்த திருஷ்டி

புல்லுக்கும் எனக்கும் ஜென்மப் பகை ஒன்றும் கிடையாது. பகையெல்லாம் அதை வளர்த்த ஆளோடுதான். செம்பூரில் எங்கள் ஃப்ளாட் சொசைட்டிக்குச் செக்ரட்டரியாக இருக்கும் சுப்ரமணியன், பாங்கிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு நியூ ஜெர்ஸியிலிருந்த பிள்ளை நகுல் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். போன இடத்தில் வாசலுக்கு வாசல் புல்லாகப் பார்த்திருக்கிறார். அமெரிக்கா போய் வருகிறவர்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள். இந்த மனுஷர் மண்டை நிறையப் புல்லைக் கொண்டுவந்தார்.

அந்த ஊரில் கோடையிலும் மழை பெய்யுமாம், புல் தன்பாட்டுக்கு வளருமாம். செம்பூரில் அப்படியா? நாலு மாதம் கொட்டித் தீர்க்கும், வேரெல்லாம் அழுகும். பாக்கி எட்டு மாதம் வானத்திலிருந்து ஒரு சொட்டு விழாது, அப்போது அந்தப் புல்லுக்கு நாம்தான் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் யார் அவருக்குச் சொல்வது? குழந்தைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த சிமெண்டு வாசலைப் பெயர்த்து, மண் கொட்டி, பாய் பாயாகச் சுருட்டிவந்த புல்லை விரித்து, "யாரும் மிதிக்கக்கூடாது" என்று ஒரு போர்டையும் நட்டார். மிதிக்கக்கூடாத புல் எதற்கு என்று கேட்டேன். "லான் இருந்தா ஃப்ளாட் ரேட் ஏறும் மாமி" என்றார்.

ரேட் ஏறியதோ இல்லையோ, தண்ணீர் ஏறவில்லை. எங்கள் பில்டிங் நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. முனிசிபாலிட்டித் தண்ணீர் விடியற்காலையில் கீழ்த்தொட்டியில் வந்து விழும். மோட்டார் போட்டு அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். செக்ரட்டரி புல்லுக்கென்று தனியாக ஒரு குட்டி மோட்டார் வாங்கி, அதைத்தான் முதலில் போடவேண்டும் என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு போட்டிருந்தார். புல் குடித்த மிச்சம்தான் மனுஷாளுக்கு. ஏப்ரல், மே மாதத்தில் ஏரி வற்றி, பானி கட் என்று முனிசிபாலிட்டி தண்ணீரைக் குறைத்துவிட்டால் அந்த மிச்சமும் மேல்தொட்டியின் அடியைத்தான் நனைக்கும். கீழ் மாடிக்காரர்கள் குழாயைத் திறந்த மாத்திரத்தில் அது தீர்ந்துபோகும். நாலாவது மாடியில் எங்கள் குழாய் புஸ் புஸ்ஸென்று காற்றை ஊதும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே புல்லின் நடுவில் நட்ட இரும்புக் குழாய் சுற்றிச் சுற்றிப் பீச்சிக்கொண்டிருக்கும். அந்த வெயிலுக்குப் பாதித் தண்ணீர் வேருக்குப் போகாமல் காற்றோடு போய்விடும். இன்னும் கொஞ்சம் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஓடும். நான் காலி பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பேன். வயிறு எரியுமா, எரியாதா?

நாலாவது மாடியில் இரண்டே குடித்தனம். ஒரு பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். எதிர்க்கதவு பார்வதியம்மாள். எழுபதைத் தாண்டியவள், தனிக்கட்டை, யாரிடமும் ஒரு சொம்பு ஜலம் கேட்காத ரோஷக்காரி. கீழேயிருந்து அவளுக்கும் சேர்த்து நான் தூக்கிவருகிறேன் என்றால் விடமாட்டாள். "உன் முட்டி என்ன இரும்புலயா அடிச்சிருக்கு? நீ உனக்குத் தூக்கு, போறும்" என்று பக்கெட்டைப் பிடுங்கிக்கொள்வாள்.

கமிட்டி மீட்டிங்கில் நான் எழுந்து கேட்டேன். குட்டி மோட்டாரைக் கடைசியில் போடக்கூடாதா, மேலே வயசானவள் இருக்கிறாளே என்றேன். சுப்ரமணியன் சிரித்துக்கொண்டே, "ஒரு பக்கெட் தூக்கறது நல்ல எக்ஸர்ஸைஸ் மாமி. ஜிம்முக்குக் காசு குடுத்துப் போறா எல்லாரும்" என்றார். கமிட்டியும் கூடச் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரமே ஒரு நாள் காலையில் படிக்கட்டில் பக்கெட் உருண்டு போகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டாவது மாடித் திருப்பத்தில் பார்வதியம்மாள் விழுந்து கிடக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. புடவையெல்லாம் நனைந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஜலம் எல்லாம் போச்சுடீ" என்றுதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு சுப்ரமணியனும் வந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "படி ஈரமா இருந்திருக்கும். மாமி பார்த்து நடந்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்வதியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த நிமிஷமே நான் முடிவு பண்ணிவிட்டேன், இந்த ஆளை விடப்போவதில்லை என்று. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும்.

ஆபரேஷன் ஆகி, பார்வதியம்மாளை அவள் மகள் வந்தனா மான்குர்த்தில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வீடு. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் கட்டில். பார்க்கப் போனபோதெல்லாம் பார்வதியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையேதான் சொல்வாள். "என்னை என் ஆத்துக்கு அழைச்சிண்டு போயிடு ஷ்யாமளா. இங்க மாப்பிள்ளை எதிர்ல படுத்துண்டு இருக்கேன், வெக்கமா இருக்கு." வந்தனா வாசல்வரை வந்து வேறு கணக்குச் சொன்னாள். "குழாய்ல தண்ணி வந்தா அனுப்பறேன் மாமி. தண்ணி இல்லாத நாலாம் மாடிக்கு அம்மாவ எப்படி அனுப்பறது? திருப்பி விழுந்தா எழுந்திருக்கவே மாட்டாள்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஜூனுக்குள்ள ஆகலேன்னா அந்த ஃப்ளாட்ட வித்துடலாம்னு இவர் சொல்றார்."

வந்தனா மேல் தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டிலோடு கட்டிலாகப் பார்வதியம்மாள் போய்ச் சேருவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வீடு திரும்ப வேண்டுமானால் அந்தப் புல் சாகவேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

வழி, தானே நாலு மாடி ஏறி என் வாசலுக்கு வந்தது. செக்ரட்டரியின் பெண்டாட்டி அம்மு மூச்சு வாங்க வந்து நின்றாள். நல்லவள்தான், புருஷன் கிழித்த கோட்டைத் தாண்டாதவள்.

"ஷ்யாமளா, நீ வந்து ஒரு தடவை திருஷ்டி கழிக்கணுமே" என்றாள்.

"யாருக்கு? நகுலுக்கா?"

"புல்லுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்த பில்டிங்கில் திருஷ்டி கழிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. எப்போதோ மூன்றாம் மாடிக் குழந்தை ஒன்று விடாமல் அழுதபோது கல்லுப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன், அழுகை நின்றுவிட்டது. அன்று பிடித்தது சனி. எந்தக் குழந்தை பால் குடிக்கவில்லையென்றாலும் என் கதவைத் தட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை.

கீழே போனேன். கேட்டோரம் புல்லில் ஒரு வட்டம் மஞ்சளாகியிருந்தது. தெருநாய் ஒன்று தினமும் அதே இடத்தில் காலைத் தூக்குகிறது, நானே பார்த்திருக்கிறேன். சுப்ரமணியன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"வர்றவா போறவா கண்ணெல்லாம் இதுமேலதான் மாமி. கண்ணு பட்டுடுத்து. மழைக்கு முன்னாடி நகுல் வரான், புதுப் பொண்டாட்டியோட. கல்யாணம் அங்கேயே முடிஞ்சுடுத்து, ரிசப்ஷனாவது இந்தப் புல்லு மேல வெக்கணும்னு ஆசை. தோட்டக்கார மாலியும் கல்யாணம்னு ஊருக்குப் போயிட்டான். நீங்கோதான் ஏதாவது பண்ணணும்."

நாயைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. பார்வதியம்மாள் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்ட முகமும் கூடவே வந்தது. நாய் உள்ளேயே போய்விட்டது.

"கண்ணுதான் மாமா. சந்தேகமே இல்ல" என்றேன். "கல்லுப்பு கரையக் கரையத் திருஷ்டி கரையும். அதுக்கு மிஞ்சினது ஒண்ணும் கிடையாது."

"சரி, ஒரு பிடி உப்புக் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"ஒரு பிடி மனுஷாளுக்கு. இத்தனை பெரிய புல்லுக்கு ஒரு பிடி என்னத்துக்கு ஆகும்? பக்கெட் ஜலத்துல நன்னாக் கரைச்சு, நாலு மூலையும் நடுவுலயும் தெளிக்கணும். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம். சொந்தக்காரா கையாலதான் பண்ணணும், வேலைக்காரா கை படப்படாது."

மாவடு ஊறிய உப்புத்தண்ணீரை ஒரு தடவை தெரியாமல் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டி, அந்தச் செடி ஒரு வாரத்தில் மொட்டையாகப் போனதை நான் மறக்கவில்லை. சுப்ரமணியன் வீட்டில் ஊறுகாயைக் கடையில் வாங்குகிற பழக்கம். அவர் எங்கே இதைக் கண்டார்?

நான் சொன்னது செவ்வாய், வெள்ளி. சொன்னபடி செய்திருந்தால் அந்தப் புல் ஒருவேளை பிழைத்துக்கூட இருக்கும். ஆனால் பெரிய மனுஷர் எதையும் கொஞ்சமாகச் செய்வாரா? தாதர் மார்க்கெட்டிலிருந்து கல்லுப்பு மூட்டையாகவே வந்து இறங்கியது. செவ்வாய், வெள்ளி போய்த் தினமும் ஆயிற்று. சாயங்காலமானால் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு, பக்கெட் பக்கெட்டாகக் கரைத்து ஊற்றுவார். மேலே ஜன்னலில் நான் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களில் குடித்த காப்பி மாதிரி ருசியாக எதையும் நான் குடித்ததில்லை.

முதலில் ஓரம் பழுத்தது. பிறகு நடுவில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. ஒரு நாள் அவரே மேலே வந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"என்ன மாமி இது, கழிக்கக் கழிக்க ஜாஸ்தியாறதே?"

"எத்தனை கண்ணு பாத்தேளா மாமா. உள்ள இருக்கறது வெளில வரது. பாதியில விட்டா இன்னும் மோசம்" என்றேன்.

விடவில்லை. அதோடு, வாடுகிறதே என்று குட்டி மோட்டாரையும் இரண்டு மடங்கு ஓட்டினார். உப்பும் அவரே, தண்ணீரும் அவரே. எங்கள் குழாயில் காற்றுகூட வருவது நின்றது. என் முட்டி கெஞ்சக் கெஞ்ச நான் கீழேயிருந்து பக்கெட் தூக்கினேன். வந்தனா போன் பண்ணி, ஃப்ளாட்டைப் பார்க்க ஒரு புரோக்கர் வருவான், சாவியைக் கொடுங்கள் என்றாள். எனக்குப் பகீரென்றது. நான் பண்ணின காரியம் பார்வதியம்மாளுக்கே வினையாக முடியப் பார்த்தது. சாவியைத் தேடவேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு நேரே கீழே இறங்கினேன்.

புல் அதற்குள் தேங்காய் நார் மாதிரி ஆகியிருந்தது. அதன்மேல் குழாய் சுற்றிச் சுற்றிப் பீச்சிக்கொண்டிருந்தது. சுப்ரமணியன் போர்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதேங்கோ" என்றேன். "இது போயாச்சு. உயிர் போனதுக்கு ஜலம் விட்டுண்டிருந்தா அதுக்கு என்ன பேர்? எள்ளு ஒண்ணுதான் பாக்கி. கல்யாணம் ஆன புள்ளையும் நாட்டுப்பெண்ணும் வந்து ஏறப்போற வாசல்ல தெனமும் தர்ப்பணம் பண்றேளே."

மனுஷர் விருட்டென்று எழுந்தார். நேரே போய்க் குட்டி மோட்டாரின் ஸ்விட்சை அணைத்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அன்றைக்கே அதைக் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை என் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுக் கொட்ட ஆரம்பித்தது. பார்வதியம்மாள் வீட்டைத் திறந்து அங்கேயும் திருப்பினேன், அங்கேயும் கொட்டியது. வந்தனாவை வரச்சொல்லி அவள் கையாலேயே திறந்து பார்க்கவைத்தேன். புரோக்கரை வரவேண்டாம் என்று அவள் என் எதிரிலேயே போன் பண்ணினாள்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பகவான் எனக்கு இன்னும் கொஞ்சம் வைத்திருந்தான். நகுல் பெண்டாட்டியோடு வந்து இறங்கினான். ஏர்போர்ட்டிலிருந்து வருகிற வழியில் டாக்ஸியை ஒரு டெம்போ பக்கவாட்டில் இடித்து, கதவு நசுங்கி, இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பியிருக்கிறார்கள். சுப்ரமணியன் கேட்டிலேயே காத்திருந்தார். சட்டென்று பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த வாசலைக் காட்டி, "உனக்காகத்தான் வளத்தேன்டா. உங்காத்து வாசல் மாதிரி இருக்கணும்னு" என்றார்.

நகுல் சுற்றிப் பார்த்தான். "எங்காத்து வாசல் மாதிரியேதான் இருக்குப்பா" என்றான், நிஜமாகவே சந்தோஷமாக. "நாங்கதான் ஃபீனிக்ஸுக்கு மாறிட்டோமே. பாலைவனம் அது. வீடு வாங்கின உடனே புல்லையெல்லாம் பிடுங்கிக் கல்லு கொட்டிட்டோம். அங்க புல்லு வளத்தா பக்கத்து ஆத்துக்காராளே ஒரு மாதிரி பாப்பா, தண்ணிய வேஸ்ட் பண்றாளேன்னு."

படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு டம்ளர் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. சுப்ரமணியனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஐந்து நிமிஷம் கழித்து மான்குர்த்திலிருந்து பார்வதியம்மாளை ஏற்றிக்கொண்டு கார் வந்தது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து வாட்ச்மேனும் நகுலும்தான் நாலு மாடி தூக்கிவந்தார்கள். நல்ல பிள்ளை, அப்பனைப் போல இல்லை.

ரிசப்ஷன் காய்ந்த மண்மேல் வாடகைப் பச்சைக் கம்பளம் விரித்து நடந்தது. மறுநாள் மத்தியானம் பார்வதியம்மாளுக்கு ரசஞ்சாதம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டு பாத்ரூமில் குழாயடியில் பக்கெட் நிறைந்துகொண்டிருந்தது. சுப்ரமணியன் தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு பட்டுப் புடவையுமாக வந்து என் எதிரில் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மாமி. புள்ளைக்கு வரவேண்டியது புல்லோட போயிடுத்து. நீங்கோ கழிச்ச திருஷ்டிதான். சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

எனக்கு உள்ளே கொதித்தது. இந்த மனுஷரை நான் அழித்தேன், அவர் எனக்குப் புடவை கொடுக்கிறார். யார் அடித்தார்கள் என்று தெரியாமல் வாங்குகிற அடி அடியா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. உன் புல்லைக் கொன்றது நான்தான், ஏன் கொன்றேன் தெரியுமா, இதோ இவள் இடுப்புக்காக என்று மூஞ்சிக்கு நேரே சொல்லவேண்டும். அதற்காகத்தானே இத்தனையும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பாத்ரூமில் பக்கெட் தளதளத்தது. சொன்னால் நாளைக்கே குட்டி மோட்டார் திரும்பி வந்து உட்காரும். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். புடவையை வாங்கிக்கொண்டேன்.

அவர் போகவில்லை. தயங்கித் தயங்கி, "மழை விட்டப்புறம் புதுசா புல்லு போடலாம்னு இருக்கேன். கல்லு கொட்டிண்டு இருக்க இது என்ன பாலைவனமா? இந்தத் தடவை ஜாக்கிரதையாப் பாத்துக்கறேன். போடலாமா மாமி? நீங்கோ சொன்னாத்தான்" என்றார்.

பார்வதியம்மாள் சாதக் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். நான் அவசரப்படவில்லை. தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்தேன்.

"போடுங்கோ மாமா. உங்க இஷ்டம்" என்றேன். "ஆனா ஒண்ணு. இந்தத் தடவை தலைப்பாகை இருந்தது, அதோட போச்சு. அடுத்த தடவை தலைப்பாகை கிடையாது."

சுப்ரமணியனின் உதடு வெளுத்தது. கீழே வாசலிலிருந்து நகுல் யாரோடோ பேசிச் சிரிக்கிற சத்தம் மேலே கேட்டது. அவர் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கிப் போனார். அப்படித்தான் பார்வதியம்மாளும் பக்கெட்டோடு இறங்குவாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பார்வதியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெத்த வயித்துல கையை வெச்சுட்டியேடீ, பாவி" என்றாள்.

"வெச்சேன். அதுக்கு என்ன இப்போ?"

அவள் கிண்ணத்தில் மிச்சமிருந்த ரசத்தைக் குடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"பக்கெட் வழியறது பாரு. போய்க் குழாயை மூடு."